இரண்டாம் நம்பர் பொட்டலம்

ஒச்சப்பனுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் இரண்டு சென்ட் மண் கிடைத்தது. சொந்தமாக இல்லை. காகிதத்தில்தான், வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற மாதிரி. ஆனாலும் மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாகத் தெருக் கூட்டிய குடும்பத்தில், மண்ணைப் பார்த்ததும் கூட்டி அள்ளி வண்டியில் கொட்டாமல் இருந்த இடத்திலேயே இருக்க விட்ட முதல் ஆள் அவர்தான்.

இடம், பழைய அரிசிக் கிட்டங்கி ஒன்றின் கூரை விழுந்து சுவர் மட்டும் நின்ற மனை. நகர மண்ணுயிர் நல இயக்ககம் என்று ஓர் அலுவலகம் அதை எடுத்து, செங்கல்லைப் பொறுக்கி, ஆறு தோட்டமாக வகுத்து, தலைமாட்டில் ஆளுக்கொரு நீலப் போர்டு நட்டது. முதலாம் நம்பர் சுதீருக்கு. இரண்டாம் நம்பர் ஒச்சப்பனுக்கு.

சுதீர் அவருடைய ஜோடி. கூட்டுகிற வேலையில் தனி ஆள் கணக்கு கிடையாது. ஒரு கைவண்டிக்கு இரண்டு பேர். ஒருத்தன் கூட்டுவான், ஒருத்தன் அள்ளுவான். ஒருத்தனுக்கு முதுகு பிடித்தால் மற்றவன் இரண்டையும் செய்வான். எல்லாம் ஒரே வண்டியில் விழும், மஸ்டர் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் டிக் விழும். பதினோரு வருஷம் இப்படி ஓடியது. பிறகு ஒச்சப்பனின் முட்டி தேய்ந்து, கான்ட்ராக்டர் பெயரை வெட்டினான். வண்டி சுதீரிடம் நின்றது.

அந்த இரண்டு சென்ட்டை நம்பித்தான் இனி ஒச்சப்பனும் கமலாக்ஷியும் இருந்தார்கள். கமலாக்ஷி இருபது வருஷம் சுக்குக் கிட்டங்கியில் உட்கார்ந்து சுக்குப் பொறுக்கியவள். சுக்குத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய் இருமல் நிற்காமல் வெளியே வந்தவள். தோட்டத்தில் வெண்டையும் வழுதனைக் கத்திரியும் போட்டு, காலையில் பேசினில் வைத்துத் தெருவில் கொண்டுபோய் விற்றாள். இருமல் பாதியாகக் குறைந்தது. "மருந்துக்கடைக்காரன் என்னைத் தேடுறானாம்" என்று சிரித்தாள்.

காகிதத்தில் ஒரே ஒரு விதிதான் ஒச்சப்பனுக்கு மனப்பாடம். ஏழாம் விதி: பயிர் தோற்றால் நிலம் திரும்பப் பெறப்படும்.

இரண்டாம் வருஷம் பயிர் தோற்க ஆரம்பித்தது.

உச்சி வெயிலுக்கு வெண்டை தலை தொங்கும். சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் நிமிரும், மறுநாள் மறுபடி தொங்கும். கமலாக்ஷி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேரெல்லாம் முண்டு முண்டாக வீங்கிக் கிடந்தது.

"இந்தா பாருங்க. இதுக்கும் ஒங்க முட்டிச் சீக்குதான்."

வேரைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஒச்சப்பன் பஸ் ஏறினார். இயக்ககம் வைட்டிலா பக்கம், நாலாவது மாடியில். வாசலில் காவலாளி தடுத்தான்.

"பையில என்ன?"

"வேரு. மண்ணு சீக்கு. காட்டணும்."

"வேரு போலாம். மண்ணு உள்ள வரப் பாடில்லை. இது மண்ணுயிர் ஆபீஸு, சுத்தமா இரிக்கணும்."

ஒச்சப்பன் வேரை உதறினார். தரையில் மண் விழுந்தது. கை சும்மா இருக்காமல், மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்துக் கூட்டி அள்ளினார். காவலாளி திருப்தியாக உள்ளே விட்டான். உள்ளே ஒரு தொட்டியில் பிளாஸ்டிக் செடி ஒன்று செழிப்பாக இருந்தது. இந்த அலுவலகத்தின் பராமரிப்பில் இதுவரை வாடாத ஒரே செடி அது என்று பிறகு தெரிந்துகொண்டார்.

ஃபீல்ட் ஆபீசர் மாளவிகா நல்ல பெண். வேரைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"இது நூற்புழு, சேட்டா. கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள்ள போயி வீடு கட்டி முட்டை வைக்கும். அந்த வீடுதான் இந்த முண்டு."

"வீடு கட்டுதா? அனுமதி வாங்குச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். "இதுக்கு மருந்து உண்டு. விஷம் இல்ல, பாக்டீரியா. மண்ணுல நல்ல பாக்டீரியாவும் இரிக்கு. வேரைச் சுத்திக் குடியேறிக் காவல் நிக்கும். புழுவை உள்ள விடாது, முட்டையையும் கெடுத்திரும்."

ஆனால் முதலில் புகார் பதிய வேண்டும். படிவத்தில் 'பயிரைத் தாக்கியவரின் பெயர்' என்று இருந்தது. நூற்புழு என்று எழுதினார். 'தாக்கியவரை நேரில் பார்த்தீரா' என்று அடுத்த கட்டம். இல்லை என்று எழுதியதும் கிளார்க் திருப்பித் தந்தார். பார்க்காத ஆள்மேல் எப்படிப் புகார் எடுப்பது? மாளவிகா காதோரம் வந்து, பார்த்ததாகவே எழுதச் சொன்னாள். எந்த விஞ்ஞானியும் வெறும் கண்ணால் பார்க்காததை ஒச்சப்பன் பார்த்ததாக அங்கே இன்றும் ஃபைலில் இருக்கிறது.

கடைசியாக மூன்று பக்க ஆங்கிலக் காகிதம். ஒச்சப்பன் நாற்பத்து நாலாவது வயதில் சாயங்கால வகுப்பில் மலையாளம் படித்தவர். கடைப் போர்டையும் பழைய பேப்பரையும் கூட்டிக் கூட்டித் தமிழும் படித்தார். ஆங்கிலம் பெரிய எழுத்தோடு நின்றுவிட்டது.

"இதுல என்ன எழுதியிருக்கு, மோளே?"

மாளவிகா காகிதத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"இந்தத் திட்டத்துல சேட்டன் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு எழுதியிரிக்கு."

ஒச்சப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை என்று காட்ட, மூன்று பக்கத்திலும் முழுப்பெயரையும் எழுதினார். மூன்று பக்கத்துக்கும் சேர்த்து எட்டு நிமிஷம் ஆனது. அந்த வாரமே மாளவிகா தோட்டம் பார்க்க வந்து, அப்படியே வீட்டுக்கும் வந்து, கமலாக்ஷி அவித்துக் கொடுத்த கப்பைக்கிழங்கை மிளகாய்ச் சட்னியோடு இரண்டு தட்டம் சாப்பிட்டாள். "நம்ம புள்ள மாதிரி" என்று அவள் போன பிறகு கமலாக்ஷி சொன்னாள்.

பாக்டீரியா தயாராக இருந்தது. ஆனால் திறப்பு விழா நடக்காமல் தர முடியாது. பெரிய மனிதர் ஒருவரின் தேதிக்காக ஆறு வாரம் காத்திருந்தார்கள். அந்த ஆறு வாரமும் பாக்டீரியாவுக்கென்று வாங்கிய ஏசி அறையில் பாக்டீரியாவோடு சேர்ந்து இயக்குநர் ரமேஷ்பாபுவும் இருந்தார். குளிர்ச்சி குறையாமல் நேரடியாகக் கண்காணிக்கிறாராம். நூற்புழுவுக்கு இந்தத் தேதி விவகாரம் தெரியாததால் அது பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெரிய மனிதர் வரவில்லை. ரமேஷ்பாபுவே திறந்து வைப்பது என்று முடிவானது.

பந்தல் போட ஆள் வந்தபோது, ஆறு தோட்டத்திலும் இரண்டாம் நம்பரில்தான் மண் பொலபொலவென்று இருந்தது. கால் நட வசதி. எட்டுக் கால் நட்டார்கள். மிச்சமிருந்த வெண்டையில் ஒரு வரிசை போனது.

குத்துவிளக்கு ஏற்றிய பிறகு உறுதிமொழி. "நுண்ணுயிர்களை என் உடன்பிறப்புகளாகக் கருதுவேன். வெயிலிலும் பசியிலும் அவர்களைக் கைவிடமாட்டேன்." ஆறு தோட்டக்காரர்களும் கையை நீட்டிச் சொன்னார்கள். ஆறு பேரும் நின்றது வெயிலில்தான். பந்தல் மேடைக்கு மட்டும்.

ரமேஷ்பாபு ஒரு வெள்ளைப் பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"கர்ஷக சகோதரர்களே! விவசாயப் பெருமக்களே! இதில் ஒரு சிட்டிகைக்குள் பத்துக் கோடித் தொழிலாளிகள் இருக்கிறார்கள். இவர்கள் சம்பளம் கேட்பதில்லை. லீவு கேட்பதில்லை. கையுறை கேட்பதில்லை, காலணி கேட்பதில்லை, கொடி பிடித்து என் அறைக்கு முன்னால் உட்காருவதில்லை. மண்ணுக்கடியில் இருட்டில் வேலை செய்து, அங்கேயே செத்து, அங்கேயே எருவாகிறார்கள். ஒரு தொழிலாளி எப்படி இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கனவு. இயற்கை அதை முன்கூட்டியே நிறைவேற்றி வைத்திருக்கிறது!"

தெருக் கூட்டுகிறவர்களும் கூட்டி ஓய்ந்தவர்களுமான அந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். எங்கே தட்ட வேண்டும் என்று காலையில் ஒத்திகை பார்த்திருந்தது.

பொட்டலம் தருகிறபோது ஒவ்வொன்றின் பின்பக்கத்து நம்பரையும் மாளவிகா இரண்டு தடவை சரிபார்த்தாள். ஒன்று சுதீருக்கு, இரண்டு ஒச்சப்பனுக்கு. "மாறிப் போகப் பாடில்லை, கேட்டோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்ன பொறுப்பான பெண் என்று நினைத்துக்கொண்டார்.

பொடியை அப்படியே தூவக் கூடாது. மக்கின சாணியில் கலந்து, நிழலில் குவித்து, ஈரச் சாக்குப் போர்த்தி, தினமும் கிளறி, பதினைந்து நாள் வைத்தால் பாக்டீரியா பெருகும். பிறகுதான் வேரடியில் போட வேண்டும். பால்காரன் தொழுவத்திலிருந்து சாணி சுமந்து, கிட்டங்கிச் சுவர் நிழலில் ஒச்சப்பன் குவித்துக்கொண்டிருந்தபோது சுதீர் தன் பொட்டலத்தோடு வந்தான்.

"அண்ணே, நீங்க எப்படியும் கிளறத்தானே போறீங்க. என்னோடதையும் இதிலயே போட்டுருங்க. எனக்குக் கொசு மருந்து ஸ்ப்ரே டியூட்டி, காலையில வர ஒக்காது."

"பொட்டலம் மாறக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சேடா."

"மாறலையே. சேருதுதானே?"

ஒச்சப்பனுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. பதினோரு வருஷம் இரண்டு பேரும் அள்ளினது ஒரே வண்டியில்தான் விழுந்தது. இரண்டு பொட்டலத்தையும் பிரித்து ஒரே குவியலில் கொட்டினார். பதினைந்து நாளும் உடன்பிறப்புகளைக் கைவிடவில்லை. முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து கிளறினார், சாக்கு காயாமல் பார்த்துக்கொண்டார். மழை பெய்த ஒரு நாள் கமலாக்ஷி தன் குடையைக் குவியலுக்குப் பிடித்துவிட்டு நனைந்துகொண்டு வந்து மூன்று நாள் இருமினாள். பதினாறாம் நாள் குவியலைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டு தோட்டத்துக்கும் போட்டார்கள். புது விதை ஊன்றினார்கள்.

இரண்டு மாதத்தில் இரண்டாம் நம்பர் தோட்டம் ஆள் உயரத்துக்கு நின்றது. உச்சி வெயிலிலும் ஓர் இலை தொங்கவில்லை. கமலாக்ஷி ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் வெள்ளை வெளேரென்று முண்டு முடிச்சு இல்லாமல் வழவழவென்று இருந்தது. அதைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்து, விருந்தாளிக்குக் காட்டுகிற மாதிரி அவருக்குக் காட்டினாள்.

சுதீரின் தோட்டமும் முதலில் அப்படித்தான் எழும்பியது. பிறகுதான் பரிசோதனைக்குழு வரப்போகிறது என்று சேதி வந்தது. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் கார்ப்பரேஷன் ஆள் செய்கிற வேலை ஒன்று உண்டு. சுதீருக்கு அது கையோடு வந்த பழக்கம். ஸ்ப்ரே டியூட்டியிலிருந்து அரைச் சாக்கு பிளீச்சிங் பவுடர் கொண்டுவந்து, வரப்போரம், வாய்க்கால், செடியடி ஒன்று விடாமல் தூவி, தோட்டத்தைக் கோலம் போட்ட வாசல் மாதிரி ஆக்கிவிட்டான். குழு வருகிற தேதி பத்து நாள் தள்ளிப்போனது. தினமும் தூவினான். பதினோராம் நாள் முதலாம் நம்பர் தோட்டத்தில் வழுதனை கருகியும் வெண்டை வெளுத்தும் நின்றன.

குழு வந்தது. ரமேஷ்பாபு முன்னால், குடை பிடித்தவன் பின்னால், மாளவிகா ஃபைலோடு அதற்கும் பின்னால். முதலாம் நம்பரின் வெள்ளை வரப்பைப் பார்த்து, "எந்தொரு விருத்தி! இதல்லவா சுத்தம்!" என்று ரமேஷ்பாபு பூரித்தார். செடியைப் பார்த்ததும் நின்றார். பிறகு திரும்பி இரண்டாம் நம்பரைப் பார்த்தார். முகம் மாறியது.

"மாளவிகா. இது ரெண்டாம் நம்பரா?"

"அதெ, சார்."

"ரெண்டாம் நம்பர் ஏன் உயிரோட இரிக்கு?"

ஒச்சப்பன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லாம் ஒங்க மருந்துதான் சார்."

"என்ட மருந்தா? ஏய், உனக்கு மருந்தே குடுக்கலையல்லோ!"

சொல்லிவிட்ட பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று ரமேஷ்பாபுவுக்குத் தெரிந்தது. குடை பிடித்தவன்கூடத் தரையைப் பார்த்தான். மாளவிகா ஒச்சப்பனைத் தனியே கூட்டிக்கொண்டு போய், மெதுவாக, வகுப்பெடுக்கிற குரலில் சொன்னாள்.

"சேட்டா, ஒரு தோட்டத்துக்கு மருந்து குடுத்தா பக்கத்துத் தோட்டத்துக்குக் குடுக்காம வெச்சிருக்கணும். அது செத்து, இது பிழைச்சாத்தான் மருந்து வேலை செஞ்சுதுன்னு அர்த்தம். அதுக்கு ஒப்பீட்டுத் தோட்டம்னு பேரு. அதில்லாம திட்டமே இல்ல."

"அப்ப அந்த ரெண்டாம் நம்பர் பொட்டலத்துல?"

"டால்க்கு. மருந்தை அந்தப் பொடியிலதான் கலக்குவோம். சேட்டனோடதுல பொடி மட்டும்."

"பவுடரா?"

"மணம் இல்லாத பவுடர்."

ஒச்சப்பனுக்குப் பதினைந்து நாள் கண் முன்னால் வந்தது. சாக்கு, நிழல், குடை. பக்கத்தில் நின்ற கமலாக்ஷிதான் பேசினாள்.

"ஏம் புள்ளே, எங்க வீட்டுல ஒக்காந்து கப்பை தின்னியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"சேச்சி, அது சயன்ஸாக்கும்..."

"சயன்ஸக் கேக்கல. ஒனக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

மாளவிகா ஃபைலைத் திறந்து மூடினாள். "தெரியும், சேச்சி."

ஒச்சப்பன் ரமேஷ்பாபுவிடம் போனார். கோபமாகப் போகவில்லை. உண்மையிலேயே ஒன்று விளங்கவில்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் போனார்.

"சார், பயிரு செத்தா நிலம் போயிரும்னு ஏழாம் விதி சொல்லுது. எம் பயிரு சாகட்டும்னுதான் பவுடரு குடுத்தீங்க. அப்ப என் நிலம்?"

ரமேஷ்பாபு அவர் தோளில் கை வைத்தார். "ஒச்சப்பா, நீ ரெண்டையும் போட்டுக் குழப்புற. பயிரைச் சாக விடுறது ஆராய்ச்சிப் பிரிவு. நிலத்தைத் திரும்ப எடுக்கிறது நிர்வாகப் பிரிவு. ஒரு பிரிவோட வேலையில இன்னொரு பிரிவு தலையிடாது. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் அதை விட்டுக்குடுத்ததில்ல."

இரண்டு நாளில் நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றி நுண்ணுயிர்களைத் தன் தோட்டத்துக்குள் குடியேற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அத்துடன், இரண்டாம் நம்பர் தோட்டத்தை ஏழு நாளுக்குள் 'எதிர்பார்க்கப்பட்ட நிலைக்கு' கொண்டுவர வேண்டும் என்றும் இருந்தது. எதிர்பார்க்கப்பட்ட நிலை என்றால் என்ன என்று ஒச்சப்பன் பக்கத்துச் சாயாக்கடைக்காரரிடம் கேட்டார். அவர் படித்துப் பார்த்து, "செத்துக் காட்டச் சொல்றாங்க, சேட்டா" என்றார்.

விசாரணை ஏசி அறையில் நடந்தது. ஒச்சப்பனுக்குக் குளிரில் முட்டி கடுத்தது.

"எத்தனை பாக்டீரியா எடுத்த?" என்று ரமேஷ்பாபு கேட்டார்.

"எண்ணல சார்."

"எடுத்ததைத் திருப்பித் தர ஒக்குமா?"

"அது வேர்ல ஒட்டியிருக்கே சார்."

"அப்ப முடியாதுன்னு எழுதிக்கோ" என்றார் கிளார்க்கிடம்.

ஒச்சப்பன் நடந்ததைச் சொன்னார். இரண்டு பொட்டலத்தையும் ஒரே குவியலில் கலந்தது, சரிபாதி பிரித்தது, கைவண்டி, ஜோடி, மஸ்டர் எல்லாம். ரமேஷ்பாபு சுதீரைக் கூப்பிட்டார்.

"முதலாம் நம்பர் பொட்டலத்தை நீ இவன்கிட்ட குடுத்தியா?"

அதற்கு முன்னால் அரை மணி நேரம் சுதீர் அந்த அறையில் தனியாக இருந்தான் என்பது ஒச்சப்பனுக்குத் தெரியும். வெளி பெஞ்சில் அவர்தானே காத்திருந்தார். சுதீர் ஏசியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இல்ல சார். என்னோடதத் தனியாத்தான் வெச்சிருந்தேன்."

"டேய் சுதீரு..."

"தனியாத்தான் வெச்சிருந்தேன் சார்."

பிளீச்சிங் பவுடர் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்று மாளவிகா மெல்லச் சொன்னாள். ரமேஷ்பாபு கிளார்க்கைப் பார்த்து, "அதை எழுத வேண்டாம். சுத்தத்துக்கு எதிரா இந்த ஆபீஸ் ஒருநாளும் எழுதாது" என்றார்.

வியாழக்கிழமை வெளிநாட்டு விருந்தினர்கள் வருவதாக இருந்தது. மருந்து போட்ட தோட்டம் செத்தும், போடாத தோட்டம் பிழைத்தும் நின்றால் என்ன காட்டுவது? செவ்வாய்க்கிழமை முழுக்க இயக்ககம் யோசித்தது. செடிகளை இடம் மாற்றி நடலாம் என்று ஒருவர் சொன்னார். அப்போதுதான் ரமேஷ்பாபு, இருபத்தாறு வருஷ சர்வீஸின் சாரமான அந்த வார்த்தையைச் சொன்னாராம். "செடியை மாத்தினா வாடும். போர்டை மாத்தினா வாடாது."

புதன்கிழமை காலையில் தண்ணீர்க் குடத்தோடு ஒச்சப்பன் வந்தபோது, மாளவிகா போர்டை நிமிர்த்திப் பிடித்திருந்தாள். சுதீர் கல்லால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தான். ஆள் உயர வெண்டைக்கு முன்னால் நின்ற போர்டை ஒச்சப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்று, சுதீர். வெள்ளை வரப்புக்குள் கருகிக் கிடந்த தோட்டத்து முன்னால், இரண்டு. அதற்குக் கீழே அவருடைய பெயர், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல்.

"என்னடா இது?"

சுதீர் கல்லைக் கீழே போடவில்லை. "அண்ணே, ரெண்டுல ஒரு தோட்டம் போகும்னு சார் சொல்லிட்டாரு. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குல்ல. ஒங்க முட்டி இன்னும் எத்தன நாளைக்குத் தாங்கும், நீங்களே சொல்லுங்க."

"நீ மோளே?"

"நான் பிடிச்சிட்டு மட்டும்தான் நிக்கிறேன், சேட்டா."

ஒச்சப்பன் குடத்தோடு நின்றார். எந்தப் பக்கம் ஊற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் வெண்டைக்கே ஊற்றினார்.

வியாழக்கிழமை விழாவுக்கு அவருக்கும் அழைப்பு இருந்தது. கமலாக்ஷி போக வேண்டாம் என்றாள். மைக் கிடைத்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவர் போனார். மேடையில் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வெண்டைச் செடி, வேரோடு. வெள்ளை வேர். அடியில் சுதீரின் பெயர். பக்கத்துக் குடுவையில் கருகின வழுதனை. அதன் அடியில் யார் பெயர் என்று அவர் குனிந்து பார்க்கவில்லை.

"வெற்றியைப் பாராட்ட யாராலும் முடியும்" என்றார் ரமேஷ்பாபு. "தோல்வியைப் பாராட்ட இந்த இயக்ககத்தால் மட்டுமே முடியும். தோற்பதற்கு ஒருவன் இல்லாவிட்டால், நாங்கள் ஜெயித்தோம் என்று உலகத்துக்கு எப்படித் தெரியும்? ஆகவே இந்த ஆண்டின் சிறந்த ஒப்பீட்டுக் கர்ஷகர், ஒச்சப்பன்!"

பொன்னாடை போர்த்தினார்கள். கழுத்தில் வேர்த்தது. ஒரு நிமிஷம் பேசலாம் என்று மைக்கை நீட்டினார்கள். ஒச்சப்பன் குடுவையைக் காட்டினார்.

"அந்த வேரு எங்களோடது சார். அந்த மண்ணும் எங்களோடது. எம் பொண்டாட்டி குடை பிடிச்சு வளத்தது."

ரமேஷ்பாபு அதை விருந்தினர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். என்ன சொன்னாரோ, அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை நிர்வாகப் பிரிவிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டாம் நம்பர் தோட்டத்தில் பயிர் தோற்றுவிட்டதால், ஏழாம் விதிப்படி நிலம் திரும்பப் பெறப்படுகிறது. ஆராய்ச்சிப் பிரிவின் விழாப் படம் ஒன்று அத்தாட்சியாக இணைக்கப்பட்டிருந்தது. பொன்னாடையோடு ஒச்சப்பன், பக்கத்தில் கருகின வழுதனை.

கமலாக்ஷி மறுநாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சுக்குக் கிட்டங்கிக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாளவிகா வந்தாள். வாசலிலேயே நின்றாள். கையில் நோட்டு.

"சேட்டா, எல்லா வார்டுக்கும் திட்டத்தை விரிவாக்கச் சொல்லி உத்தரவு வந்திரிக்கு. கைப்புத்தகம் எழுதணும். சாணி எத்தன கூடை, சாக்கு எவ்வளவு ஈரம், எத்தன தடவை கிளறணும்... சுதீரைக் கேட்டா ஒண்ணும் தெரியல. சேட்டனோட பழைய தோட்டத்துல வெண்டையும் வாட ஆரம்பிச்சிரிக்கு. அடுத்த நடவுக்குக் குவியல் போடாம, பொடியை அப்படியே தூவிட்டான் போல."

உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

ஒச்சப்பன் முட்டியைத் தடவிக்கொண்டார். பதில் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பொடி ஒரு பங்குக்குச் சாணி இத்தனை பங்கு என்று. சாக்கைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் கை நனைய வேண்டும் என்று. மூன்றாம் நாள் உள்ளே கைவிட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிற சூடு இருக்கும், அப்போது திறந்து ஆற்ற வேண்டும் என்று.

"என்னைக் கேக்கிறியே மோளே. நான் தோத்த தோட்டக்காரனாச்சே. எம் பயிரு செத்துப் போச்சு. நீதான் போர்டைப் பிடிச்சிட்டு நின்ன, நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

"சேட்டா..."

"செத்த தோட்டத்துக்காரன்கிட்ட என்ன வெவரம் இருக்கும்? போய் ஜெயிச்சவனைக் கேளு."

அவள் நோட்டை மூடிக்கொண்டு போனாள். சந்து திரும்புகிற வரை ஒச்சப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நாள் சொல்லிவிட்டால் நெஞ்சுக்குள் சுகமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

கமலாக்ஷி முறத்தோடு வாசலுக்கு வந்தாள். இருமலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"வாடியிருக்குன்னாளே. எந்த வரிசைன்னு கேட்டீங்களா?"